வெற்றிடத்தைக் கடந்து வரும் ஒளி

(அடையாறில் ஆற்றிய ஜும்ஆ உரையின் சுருக்கம்)

  

திருமறையின் 24ஆம் அத்தியாயத்திற்கு ‘அந்நூர்’, அதாவது ஒளி என்று பெயர். இன்று, நம் கண்ணில் படும் படைப்பாகிய ஒளியைப் பற்றிச் சிறிது சிந்திப்போம்.

என் குரல் ஒலிபெருக்கியிலிருந்து காற்றின் வழியே உங்களை வந்தடைகிறது. காற்றில்லையேல் ஒலி இல்லை. கதிரவனோ ஏறத்தாழ 15 கோடி கிலோமீட்டர் தொலைவில் உள்ளது, இடையில் வெற்றிடம். ஆயினும் அதன் ஒளி 8 நிமிடம் 20 வினாடிகளில் நம்மிடம் வந்துவிடுகிறது. எதைப் பற்றிக்கொண்டு வருகிறது?

பொருள்களிலிருந்து ஒளி கண்ணுக்கு வருவதாலேயே நாம் காண்கிறோம் என்று ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் விளக்கியவர், பஸராவில் பிறந்த இப்னுல் ஹைதம். நம் கேள்விக்கான விடையோ 1865இல் வெளியான மாக்ஸ்வெல்லின் கணக்கில் இருந்தது. மாறும் மின்புலம் காந்தப்புலத்தைத் தோற்றுவிக்கிறது. மாறும் காந்தப்புலம் மீண்டும் மின்புலத்தைத் தோற்றுவிக்கிறது. இவ்வாறு ஒன்றையொன்று ஈன்றபடி வினாடிக்குச் சுமார் 3 லட்சம் கிலோமீட்டர் விரையும் அலையே ஒளி. உங்கள் சட்டைப்பையிலுள்ள கைப்பேசியின் அலையும் இதே இனந்தான். அதன் அலைநீளம் ஏறக்குறைய ஒரு சாண். ஒளியின் அலைநீளமோ மில்லிமீட்டரில் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு.

‘ஈதர்’ என்ற ஊடகம் இல்லாமல் ஒளி செல்லாது என்று மாக்ஸ்வெல்லே நம்பினார். 1887இல் அதைத் தேடிய நுட்பமான சோதனையில் அது அகப்படவில்லை. அன்றன்றைய அறிவியலை அவசரப்பட்டு இறைவசனத்தின்மீது ஏற்றிப் பேசுவோர் இதனைக் கவனிக்கட்டும்.

இனி நம்மூர்ச் செய்தி. இங்கிருந்து கடற்கரையோரமாக வடக்கே சென்றால் மாநிலக் கல்லூரி. அங்கே பயின்ற சி.வி. இராமன், பாடத்திற்காக முப்பட்டகத்தின் கோணத்தை அளந்துகொண்டிருந்தார். மிகச் சாய்வாக ஒளி பட்டபோது, பிம்பத்தின் இருபுறமும் ஒளிப்பட்டைகள் சமமின்றித் தோன்றின. பாடத்திற்குத் தேவையானது கோணம் மட்டுமே. பட்டைகளுக்கு மதிப்பெண் இல்லை. அவரோ பட்டைகளை விடவில்லை. ஒளி அலையின் விளிம்பு விளைவு பற்றிய அவருடைய முதல் கட்டுரை 1906 நவம்பரில் இலண்டன் இதழொன்றில் வெளியாயிற்று. அப்போது வயது 18!

“இது தேர்வுக்கு வருமா?” என்று கேட்டுப் பிள்ளைகளின் வாயை அடைக்கும் பெற்றோரே, இன்று இஷாவுக்குப் பின் அவர்களை அழைத்து அமர்த்துங்கள். இரு பென்சில்களை மயிரிழை இடைவெளியில் சேர்த்துப் பிடித்து, கண்ணருகே வைத்து, தொலைவிலுள்ள குழல்விளக்கைப் பார்க்கச் சொல்லுங்கள். இடைவெளி, குழலின் நீளவாக்கிலேயே இருக்கட்டும். நடுவே மெல்லிய கருங்கோடுகள் தெரியும். அலையும் அலையும் சேர்ந்து ஒன்றையொன்று அழித்த இடங்களே அவை. கதிரவனை மட்டும் ஒருபோதும் அவ்வாறு பார்க்க விடாதீர்கள்.