ஊரின் பெயரும் கோஷ்டியின் உடைமையும்

(சங்க மண்டபத்தில் வாலிபர் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



விளையாட்டைப் பற்றிப் பேசுமாறு என்னை அழைத்தபோது சிறிது தயங்கினேன். இளமையிலும் நான் ஓடியாடி விளையாடியவனல்லன். எல்லைக்கு வெளியே போன பந்தை எடுத்துக் கொடுப்பதே என் பங்காக இருந்தது. ஆயினும் விளையாட்டுக்குள்ளும் ஒரு வரவு செலவுக் கணக்கு உண்டு. அதைப் பற்றியே இன்று பேச எண்ணுகிறேன்.

லங்கா பிரிமியர் லீக் கிரிக்கெட் போட்டி 2020 தொடக்கம் 2024 வரை ஐந்து முறை நடைபெற்றது. அவற்றுள் நான்கில் யாழ்ப்பாணத்தின் பெயர் தாங்கிய கோஷ்டியே வெற்றி பெற்றது. எமது வாலிபர் வெடி கொளுத்தி மகிழ்ந்தனர், நானும் மகிழ்ந்தேன். அப்பொழுது பக்கத்தில் நின்ற பெரியவர் ஒருவர், "தம்பியவை, உந்தக் கோஷ்டி யாழ்ப்பாணத்திலை எப்ப விளையாடினது?" என்று கேட்டார். ஒருவரும் வாய் திறக்கவில்லை. அவ்வைந்து முறையும் ஓர் ஆட்டமேனும் யாழ்ப்பாணத்தில் நடைபெறவில்லை. பெயர் எங்களுடையது, கோஷ்டி வேறொருவருடையது.

அப்பெரியவர் கேட்ட கேள்வியை ஐக்கிய அமெரிக்காவின் நகரங்கள் ஏறத்தாழ எழுபது ஆண்டுகளாகக் கேட்டு வருகின்றன. அங்கே இவ்விடயம் முற்றிப் பழுத்துவிட்டபடியால், அங்கு நடந்ததைப் பார்ப்பது பயன் தரும்.

முதலில் புரூக்ளினைப் பாருங்கள். 1898ஆம் ஆண்டுவரை தனி நகரமாயிருந்து, பின்பு நியூ யோர்க்குடன் சேர்க்கப்பட்ட இடம் அது. தனி நகரம் என்ற பெருமை போன பின்பு அம்மக்களுக்கு எஞ்சியது டொட்ஜர்ஸ் என்னும் பேஸ்போல் கோஷ்டிதான். தெருவிலோடும் டிராம் வண்டிகளுக்கு விலகி நடப்போர் என்ற பொருளில் ஊர்மக்களுக்கு இடப்பட்ட கேலிப் பெயரே கோஷ்டியின் பெயராயிற்று. ஜாக்கி றொபின்சன் என்னும் கறுப்பின வீரரை 1947இல் களமிறக்கி, அரை நூற்றாண்டுக்கு மேலாக நிலவிய நிறத்தடையை உடைத்ததும் இக்கோஷ்டியே. 1955இல் முதன்முறையாக உலகத் தொடரை வென்றபோது புரூக்ளின் தெருக்களில் ஆனந்தக் கூத்து நடந்தது. இரண்டே ஆண்டுகளில், 1957 ஒக்டோபரில், கோஷ்டி லொஸ் ஏஞ்சலிசுக்குப் போகிறது என்ற அறிவித்தல் வந்தது.

கோஷ்டியின் அதிபர் வோல்டர் ஓமலி என்பவர். அவரை இன்றும் புரூக்ளின் முதியோர் மன்னிப்பதில்லை. ஆனால் முழுப் பழியையும் அவர் தலையில் சுமத்துவது நியாயமன்று என்பது என் கருத்து. பழைய மைதானம் சிறியது. மோட்டார் வண்டி நிறுத்த இடமில்லை. தம் பணத்திலேயே புதிய மைதானம் கட்டுகிறேன், நிலத்தை மாத்திரம் அரசின் அதிகாரத்தால் சேர்த்துத் தாருங்கள் என்று அவர் கேட்டார். நகரத்து நிர்மாண வேலைகளில் பெருஞ் செல்வாக்குடைய றொபேட் மோசஸ், தனியார் இலாபத்துக்காக அவ்வதிகாரத்தைப் பயன்படுத்த முடியாது என்று மறுத்தார். அவர் கூற்றிலும் நியாயம் உண்டல்லவா?

லொஸ் ஏஞ்சலிஸ் நகரமோ ஏறத்தாழ 300 ஏக்கர் நிலத்தைத் தர முன்வந்தது. 1958 யூன் மாதச் சர்வசன வாக்கெடுப்பில் சிறு பெரும்பான்மையால் அவ்வொப்பந்தம் நிறைவேறியது. அந்நிலம் வெறுங் காடன்று. மெக்சிக்க வமிசத்துக் குடும்பங்கள் வாழ்ந்த குடியிருப்பு அது. ஏழைகளுக்கு வீடு கட்டுவதாகச் சொல்லி 1950களின் தொடக்கத்தில் அவர்களைக் கிளப்பினார்கள். வீட்டுத் திட்டமோ கைவிடப்பட்டது. எஞ்சியிருந்த குடும்பங்களை 1959 மே மாதத்தில் பலவந்தமாக வெளியேற்றினார்கள். புரூக்ளின் மக்கள் இழந்தது ஒரு கோஷ்டியை. இவர்கள் இழந்தது வீட்டை. இந்த இரண்டாவது இழப்பைப் பற்றிப் பேசுவோர் குறைவு.

ஓர் அதிபர் எவ்வாறு ஒரு நகரத்தை இவ்வாறு கைவிட முடிகிறது? காரணம் இலகுவானது. அமெரிக்க உதைபந்தாட்டப் பெருஞ் சங்கத்தில் 32 கோஷ்டிகள், பேஸ்போலில் 30. இன்னொன்று வேண்டுமென்று எந்த நகரமும் தானே அமைத்துவிட முடியாது. அதிபர்கள் சேர்ந்து அனுமதிக்க வேண்டும். கோஷ்டிகள் குறைவு, விரும்பும் நகரங்கள் அதிகம். ஆகவே விலை ஏறுகிறது. "மைதானம் கட்டித் தாருங்கள், அல்லாவிடின் போகிறேன்" என்று அதிபர் சொல்வார். அச்சொல்லுக்கு வலிமை தருவது கோஷ்டியின்றிக் காத்திருக்கும் அடுத்த நகரம்.

போல்ற்றிமோரின் கதையைக் கேளுங்கள். 1984 மார்ச் 28ஆம் திகதி இரவு, பனி விழும் நேரத்தில், கோல்ட்ஸ் கோஷ்டியின் பொருள்கள் யாவும் லொறிகளில் ஏற்றப்பட்டு இந்தியனாபொலிஸ் நகருக்குப் போயின. விடிந்தபோது ஊருக்குக் கோஷ்டி இல்லை. அழுதது அந்நகரம். ஆனால் பதினொரு ஆண்டு கழித்து அதே போல்ற்றிமோர், பொதுப் பணத்தில் மைதானம் கட்டித் தருவதாகச் சொல்லி, கிளீவ்லண்ட் நகரின் கோஷ்டியைத் தன்னிடம் இழுத்துக்கொண்டது! கிளீவ்லண்ட் மக்கள் வழக்காடி, பெயரையும் நிறத்தையும் மாத்திரம் காப்பாற்றிக்கொண்டார்கள். புதிய கோஷ்டி 1999இல்தான் கிடைத்தது.

மைதானத்தால் ஊர் செழிக்கும், வேலை பெருகும் என்று அதிபர்கள் சொல்வதுண்டு. றொஜர் நோல், அன்ட்ரூ சிம்பலிஸ்ட் ஆகிய பொருளியல் அறிஞர் தொகுத்து 1997இல் வெளிவந்த ஆய்வு நூல் இதற்கு ஆதாரம் இல்லையென்று காட்டியது. பின்வந்த ஆய்வாளர் பெரும்பாலோரும் அதையே சொல்கின்றனர். ஒரு குடும்பம் களிப்புக்கென ஒதுக்கும் பணம் அளவுடையது. மைதானத்தில் செலவிட்டால் படமாளிகையிலும் உணவுச்சாலையிலும் செலவு குறையும். மைதான வாசலில் கடலை விற்பவன் பெறுவதை வேறோர் தெருவில் ஒருவன் இழக்கிறான். சம்பளத்தின் பெரும்பகுதி ஆட்டக்காரருக்கு. அவர்களுட் பலர் வேறிடத்தில் வாழ்வோர். உதைபந்தாட்ட மைதானத்தில் ஆண்டுக்கு எட்டு ஒன்பது முறைதான் வழக்கமான ஆட்டம் நடக்கும்.

ஒக்லண்ட் நகரம் இதன் கசப்பை அனுபவித்தது. ரெயிடர்ஸ் கோஷ்டியைத் திரும்ப அழைப்பதற்காக 1995இல் நகரமும் மாவட்டமும் பெருங் கடன் பட்டு மைதானத்தை விரிவாக்கின. அக்கோஷ்டி 2020இல் லாஸ் வேகாசுக்குப் போய்விட்டது; கடன் மாத்திரம் போகவில்லை. 2019இல் கூடைப்பந்துக் கோஷ்டியும், 2024இல் பேஸ்போல் கோஷ்டியும் போயின. ஐந்து ஆண்டுகளுக்குள் மூன்றும் போய்விட்டன.

அப்படியானால் ஊர்ப்பணம் ஒரு சதமும் செலவழிக்கலாகாதோ? நான் அவ்வாறு சொல்லேன். பூங்காவுக்கும் வாசிகசாலைக்கும் இலாபம் பார்த்தா பணம் கொடுக்கிறோம்? மகிழ்ச்சிக்காகக் கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுப்பது வேறு. செல்வம் வருமென்று ஏமாந்து கொடுப்பது வேறு.

இனி, விஸ்கொன்சின் மாநிலத்துக் கிறீன் பே என்னும் ஊர். சனத்தொகை ஏறத்தாழ ஓர் இலட்சம். கடுங் குளிர்ப் பிரதேசம். அங்கே 1919இல் ஓர் இறைச்சி பொதிசெய்யும் கம்பனி உடுப்புக்குப் பணம் கொடுக்க, பக்கேர்ஸ் என்ற உதைபந்தாட்டக் கோஷ்டி தோன்றியது. 1923இல் பணமுடை வந்தபோது, ஊரவர் ஐந்து டொலர்ப் பங்குகளை வாங்கி அதைக் காப்பாற்றினர். இன்று பங்குதாரர் ஐந்து இலட்சத்துக்கு மேற்பட்டோர். பங்குக்கு ஆதாயம் கிடையாது, பிறருக்கு விற்க முடியாது, நுழைவுச்சீட்டுக்கூடக் கிடையாது. கோஷ்டி கலைக்கப்பட்டால் பணம் போர்வீரர் நினைவுச்சின்னத்துக்கே சேரும் என்று பழைய விதியில் எழுதியிருந்தார்கள். இப்பொழுது தருமநிதிக்குச் சேரும். ஆகவே விற்பதாலோ இடம் பெயர்வதாலோ எவருக்கும் ஒரு சதமும் கிடையாது. போவதற்குக் காரணமே இல்லை.

வெறும் ஊர்ப்பற்று மாத்திரம் இச்சிற்றூரைக் காக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். தொலைக்காட்சி உரிமைகளைச் சேர்த்து விற்க 1961இல் அமெரிக்கச் சட்டம் இடங்கொடுத்தது. அப்பணம் எல்லாக் கோஷ்டிகளுக்கும் சமமாகப் பகிரப்படுகிறது. நியூ யோர்க்குக்குக் கிடைப்பதே கிறீன் பேக்கும். இப்பொழுது அவ்வாறு வரும் தொகை ஆண்டுக்கு 40 கோடி டொலருக்கு மேல். மைதானத்தைப் புதுப்பிக்க 2000ஆம் ஆண்டில் மாவட்ட மக்கள் வாக்களித்து அரை வீத விற்பனை வரியும் ஏற்றனர். 2015வரை அதைச் செலுத்தினர். அவர்களும் கொடுத்தவர்களே. ஆனால் போகக்கூடிய கோஷ்டிக்குக் கொடுக்கவில்லை.

அப்படியாயின் மற்ற நகரங்களும் இவ்வாறு செய்யலாமே என்று நீங்கள் கேட்கலாம். முடியாது. கிறீன் பேயைப் போன்ற ஊருடைமை இனி வேறெங்கும் கூடாதென்று அவ்வுதைபந்தாட்டச் சங்கம் விதி செய்துவிட்டது. பழையதென்பதால் அந்த ஒன்றை மாத்திரம் விட்டுவைத்திருக்கிறார்கள். விதியைச் செய்தவர்கள் யாரென்றால், மற்றக் கோஷ்டிகளின் அதிபர்கள்.