எல்லையைக் கடந்த பின்னும் காவல் தேவை



தமிழ்நாட்டிலிருந்து பாலும் காய்கறியும் வாளையாறு, மீனாட்சிபுரம், குமுளி வழியாகக் கேரளத்திற்குள் செல்கின்றன. பாலக்காடு, இடுக்கி மாவட்டங்களின் இவ்வெல்லைகளில் பாலைச் சோதிப்பதுண்டு. இத்தகைய காவலின் தேவையை 1958ஆம் ஆண்டு உணர்த்தியது. அப்போது கப்பலில் உணவுப்பொருளுடன் ஏற்றப்பட்ட பூச்சிக்கொல்லி அதில் கலந்ததால், கேரளத்தில் 100க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அதைத் தொடர்ந்த விசாரணையின் விளைவே 1968ஆம் ஆண்டுப் பூச்சிக்கொல்லிச் சட்டம்.

எனினும், அன்றாட உணவுவழி நோய்களுக்குப் பெரும்பாலும் கிருமிகளே காரணம். சோதனைச் சாவடியைக் கடந்த பின்னரும் அவை உணவில் சேரும், பெருகும். அரிசியிலுள்ள ஒருவகைக் கிருமியின் வித்துகள் கொதிநீரிலும் அழிவதில்லை. சோறு நெடுநேரம் வெதுவெதுப்பாக இருப்பின் அவை முளைத்துப் பெருகும். சமைப்பவரின் கைப்புண்ணிலிருந்து சேரும் கிருமி உண்டாக்கும் நஞ்சு, உணவை மீண்டும் சூடாக்கினாலும் நீங்காது. மாசுற்ற நீர் வயிற்றுப்போக்கையும் டைபாய்டு காய்ச்சலையும் பரப்பும்.

இடர் மிகுந்தோர் யாவர்? குழந்தைகள், கருவுற்ற தாய்மார், முதியோர், நோயுற்றோர் ஆகியோரே. உணவுவழி நோயால் ஆண்டுதோறும் 4,20,000 பேர் இறப்பதாகவும், அவர்களுள் 1,25,000 பேர் ஐந்து வயதுக்குட்பட்டோர் எனவும் உலக சுகாதார நிறுவனம் 2015இல் மதிப்பிட்டது. காலையில் சமைத்ததை மலைச்சரிவிற்கு எடுத்துச் சென்று நண்பகலில் உண்ணும் தோட்டத் தொழிலாளரும் கவனத்திற்குரியவர்.

ஆகவே, சாவடியில் தொடங்கும் காவல் அங்கன்வாடி, பள்ளிச் சமையற்கூடம், தோட்டக் குடியிருப்பு வரை நீளவேண்டும். தூய நீர், சோப்பு, சூடாறுமுன் பரிமாறும் பழக்கம் ஆகிய மூன்றும் அங்குக் கிடைத்தாலன்றி, எல்லைச் சோதனையின் பயன் முழுமை பெறாது.