பிரிக்க முடியாத கல்யாணப் படங்கள்

அக்கா மகள் கல்யாணப் படங்களை ஸ்டூடியோவில் ஒரே ஜிப் கோப்பாக்கி பென்டிரைவில் போட்டுக் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்து பிரித்தால், தாலி கட்டும் படத்தில் 'சிஆர்சி பிழை' என்று வந்து நின்றுவிட்டது. அக்காவுக்கு முகமே வாடிப்போயிற்று.

சிஆர்சி என்பது சரிபார்ப்புக் கணக்கு. ஜிப் தயாராகும்போதே உள்ளே இருக்கும் ஒவ்வொரு கோப்புக்கும் 32 பிட் எண் ஒன்று கணக்கிட்டு எழுதப்படுகிறது. பிரிக்கும்போது மறுபடி அதே கணக்கு. இரண்டும் ஒத்துப்போகாவிட்டால், வழியில் ஒரு பிட்டாவது மாறியிருக்கிறது என்று அர்த்தம். 1961-ல் வெஸ்லி பீட்டர்சன் வகுத்துத் தந்த அருமையான முறை இது. பிழையைக் காட்டிக் கொடுக்கும், திருத்தித் தராது.

பதறாமல் இரண்டு மூன்று தடவை பிரித்துப் பாருங்கள். ஒவ்வொரு தடவையும் அதே படத்தில் நின்றால், கோப்போ அது இருக்கும் பென்டிரைவோ கெட்டிருக்கிறது. அசலிலிருந்து மறுபடி நகல் எடுக்க வேண்டியதுதான். தடவைக்கு ஒரு படத்தில் நின்றால் கோப்பைக் குறை சொல்லாதீர்கள். கேபிள் வழியே செருகியிருந்தால் அதை மாற்றுங்கள், வேறு யுஎஸ்பி போர்ட்டில் செருகுங்கள். அப்படியும் சரியாகாவிட்டால் சந்தேகம் ரேம் மேல். மெம்டெஸ்ட்86 மென்பொருளை ஒரு ராத்திரி ஓடவிட்டுப் பாருங்கள்.

எங்களுக்கு அதே படத்தில்தான் திரும்பத் திரும்ப நின்றது. நல்லவேளை, ஸ்டூடியோவில் அசல் அழியாமல் இருந்தது. இந்தத் தடவை நகல் எடுத்ததும் 'எஜெக்ட்' கொடுத்து, பென்டிரைவின் விளக்கு அணைந்த பிறகே அதை உருவினோம். படம் திறந்ததும் அக்கா திரையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்.