உழைக்கும் கரங்களும் உரிமை இழப்பீடும்

(நமது ஆலய வெள்ளி விழாவை முன்னிட்டு, தொழிலாளரான புனித சூசையப்பர் திருநாளன்று நடைபெற்ற உழைப்பாளர் கூட்டத்தில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)

 

சூம்பிய கையுடைய ஒருவனை ஆண்டவர் ஓய்வுநாளில் குணமாக்கிய புதுமை நாம் அறிந்ததே. அது வலது கை என்று புனித லூக்காஸ் மட்டும் குறிப்பிடுகிறார். அவன் என்ன தொழில் செய்தவன் என்று சுவிசேஷங்கள் சொல்லவில்லை. ஆனால் வேத பண்டிதராகிய புனித எரோணிமுஸ், மத்தேயு சுவிசேஷத்துக்கு எழுதிய விளக்கவுரையில் ஒரு பழைய செய்தியைக் குறித்து வைத்திருக்கிறார். நசரேயர் என்ற பழங்காலக் கிறிஸ்தவர்கள் வைத்திருந்த ஒரு சுவிசேஷத்தின்படி அவன் ஒரு கொத்தனாராம். கைகளால் உழைத்துப் பிழைத்தவனாம். வெட்கப்பட்டுப் பிச்சையெடுக்கும் நிலை தனக்கு வராதபடி குணமாக்கும் என்று ஆண்டவரிடம் மன்றாடினானாம்.

இது திருச்சபை ஏற்றுக்கொண்ட சுவிசேஷம் அல்ல. விசுவாச சத்தியமாக இதை நான் சொல்லவில்லை. ஆனாலும் அந்தக் கொத்தனாரின் வேண்டுதலைக் கவனியுங்கள். வலி தாங்கவில்லை என்று அவன் சொல்லவில்லை. வேலை செய்ய முடியவில்லை என்றுதான் சொன்னான். உழைப்பாளியின் கை போனால் போவது கை மட்டுமல்ல. அவன் வீட்டு அடுப்பு, பிள்ளைகளின் படிப்பு, நாலு பேர் முன்னால் நிமிர்ந்து நடக்கும் மானம், எல்லாமே போகிறது. ஆலை விபத்துக்கான இழப்பீட்டுச் சட்டமும் இதே கணக்கைத்தான் போடுகிறது. இன்று உங்கள் மனத்தில் பதியவைக்க விரும்பும் ஒரே கருத்தும் இதுதான்: இழப்பீடு என்பது இரக்கப்பட்டுக் கொடுக்கும் தர்மம் அல்ல, இழந்த உழைப்புக்குக் கொடுக்க வேண்டிய கடன்.

நம் தேர்வாய் கண்டிகையில் இன்று தொழிற்பூங்கா நிற்கும் இடம் ஒரு தலைமுறைக்கு முன் ஆடு மாடு மேய்ந்த நிலம் என்பது பெரியவர்களுக்குத் தெரியும். அந்த மேய்க்கால் நிலத்தைக் காக்க ஊர் மக்கள் போராடியதும் நினைவிருக்கும். பிறகு டயர் ஆலை வந்தது, மற்ற ஆலைகளும் வந்தன. பக்கத்திலேயே கண்ணன்கோட்டை - தேர்வாய் கண்டிகை நீர்த்தேக்கம் 2020-ல் திறக்கப்பட்டது. அந்தப் பக்கம் கும்மிடிப்பூண்டியில் உருக்காலைகளும் உருட்டாலைகளும். மாடு மேய்த்த வீட்டுப் பிள்ளை இன்று இயந்திரத்தின் முன் நிற்கிறான். அவன் பக்கத்தில் பீகாரிலிருந்தும் ஒரிசாவிலிருந்தும் வந்த பிள்ளை நிற்கிறான். மாடு முட்ட வந்தால் விலகிக்கொள்ளலாம். பவர் பிரஸ் கண்மூடித் திறக்குமுன் இறங்கிவிடுகிறது.

விபத்து நடந்தபின் என்ன செய்வது? இதற்கு வேதாகமத்திலேயே பழைய விடை உண்டு. யாத்திராகமம் 21-ம் அதிகாரத்தை எடுத்து வாசியுங்கள். அடிபட்டவன் படுக்கையில் கிடந்தால், அடித்தவன் அவனுக்கு வைத்தியமும் பார்க்க வேண்டும், வேலையிழந்த நாட்களுக்கு ஈடும் செய்ய வேண்டும் என்று மோயீசன் சட்டம் விதிக்கிறது. மருத்துவச் செலவு வேறு, வேலையிழப்புக்கான ஈடு வேறு என்று அன்றே பிரித்துச் சொல்லியாயிற்று. ஆனால் ஆலைகள் பெருகிய காலத்தில் இந்த நியாயம் மறக்கப்பட்டது. முதலாளி மேல் குற்றம் இருப்பதைத் தொழிலாளியே நிரூபித்தாக வேண்டும் என்ற நிலை ஏற்பட்டது. கை நசுங்கியவன் சாட்சிக்கு எங்கே போவான்? 1884-ல் ஜெர்மனியும் 1897-ல் இங்கிலாந்தும் இதை மாற்றிச் சட்டம் செய்தன. தொழிலாளரின் நிலை பற்றித் திருத்தந்தை பதின்மூன்றாம் சிங்கராயர் 1891-ல் வெளியிட்ட சுற்றுமடலும் அதே காலத்தில் எழுந்த குரல்தான்.

நம் நாட்டில் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் 1923-ல் இயற்றப்பட்டு, 1924 ஜூலை முதல் தேதி நடைமுறைக்கு வந்தது. 1948-ல் தொழிலாளர் அரசு காப்பீட்டுச் சட்டம், அதாவது நாம் இ.எஸ்.ஐ. என்று சொல்வது, வந்தது. 2025 நவம்பர் 21 முதல் இவ்விரண்டும் 2020-ம் ஆண்டு சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்துக்குள் சேர்க்கப்பட்டுவிட்டன. பெயர் மாறினாலும் அடிப்படை மாறவில்லை. வேலையின் காரணமாக, வேலையின்போது விபத்து நேர்ந்தால் முதலாளி பொறுப்பு. "நீ கவனக்குறைவாக இருந்தாய், ஆகவே பணம் இல்லை" என்று சொல்லிவிட முடியாது. குடித்திருந்தான், பாதுகாப்புக்கான கட்டளையை வேண்டுமென்றே மீறினான், இயந்திரத்தின் காப்பை வேண்டுமென்றே கழற்றினான் என்பவை மட்டுமே முதலாளி சொல்லக்கூடிய காரணங்கள். ஆள் இறந்துவிட்டாலோ, நிரந்தரமாக முழு இயலாமை ஏற்பட்டாலோ அந்தக் காரணங்களும் செல்லாது. வீட்டுக்கும் ஆலைக்கும் இடையே போகவர நேரும் விபத்தையும், வேலையோடு தொடர்பு இருந்தால், புதிய சட்டம் கணக்கில் சேர்க்கிறது.

இனி இயலாமை என்ற சொல்லைப் பார்ப்போம். சிலகாலம் மட்டும் வேலை செய்ய முடியாமல் இருப்பது தற்காலிக இயலாமை. வாழ்நாள் முழுதும் இருக்கும் குறை நிரந்தர இயலாமை. அதில் சம்பாதிக்கும் திறன் ஓரளவு குறைந்தால் பகுதி இயலாமை, முற்றிலும் போனால் முழு இயலாமை.

எந்த உறுப்பு போனால் எத்தனை சதவிகிதத் திறன் இழப்பு என்று சட்டத்தில் ஒரு பட்டியலே உண்டு. ஆள்காட்டி விரல் முழுவதும் போனால் 14, கட்டை விரலுக்கு 30, ஒரு கையின் நான்கு விரல்களுக்கு 50, இரண்டு கைகளும் போனால் 100.

ஓர் உதாரணக் கணக்குப் போடுவோம். இ.எஸ்.ஐ. இல்லாத ஓரிடத்தில் 25 வயதுப் பிள்ளை ஒருவன் மாதம் 15,000 ரூபாய்க்கு வேலை செய்கிறான். நான்கு விரல்களை இழக்கிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். சம்பளத்தில் 60 சதவிகிதம் 9,000 ரூபாய். 25 வயதுக்குச் சட்டம் வகுத்த பெருக்கு எண் 216.91. இரண்டையும் பெருக்கினால் 19,52,190 ரூபாய். அதில் 50 சதவிகிதம் 9,76,095 ரூபாய். இதற்கு மேல் மருத்துவச் செலவும் முதலாளியுடையது. தற்காலிக இயலாமை என்றால், அரைமாதத்துக்கு ஒருமுறை மாதச் சம்பளத்தில் கால் பங்கு, அதாவது 3,750 ரூபாய், தர வேண்டும். இந்தக் கணக்குக்குச் சம்பள உச்சவரம்பு 15,000 என்று 2020 ஜனவரியில் அறிவிக்கப்பட்டது; அதற்கு மேல் வாங்குகிறவருக்கும் 15,000 என்றே வைத்துக் கணக்கிடுவார்கள்.

ஒன்பதே முக்கால் லட்சம் சேர வேண்டிய பிள்ளையின் கட்டிலருகே முப்பதாயிரத்தையும் ஒரு காகிதத்தையும் நீட்டி, "இதில் கையெழுத்துப் போடு" என்று ஒருவர் சொன்னால், கணக்குத் தெரியாத தாய் அவரைக் கும்பிடத்தானே செய்வாள்? தாய்மார்களே, நன்றாகக் கேளுங்கள். இழப்பீட்டு உரிமையை விட்டுக்கொடுப்பதாக எழுதி வாங்கும் எந்த ஒப்பந்தமும் சட்டப்படி செல்லாது. ஏற்கெனவே கையெழுத்துப் போட்டவர்களும் மனம் தளர வேண்டாம்; வழி அடைபட்டுவிடவில்லை.

பட்டியலே முடிந்த முடிவும் அல்ல. ஒரிசாவின் ஜெய்ப்பூர் நகரில் ஒரு தச்சர் 1968-ல் வேலையின்போது விழுந்து இடது கையை இழந்தார். ஒரு கைதானே போயிற்று, பாதி இயலாமைதானே என்று முதலாளி தரப்பு உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. ஒற்றைக் கையால் தச்சு வேலை செய்ய முடியாது, ஆகவே தச்சருக்கு இது முழு இயலாமைதான் என்று 1975-ல் நான்கு நீதிபதிகள் தீர்ப்பளித்தார்கள். ஈட்டுத் தொகை விபத்து நடந்த நாளிலிருந்தே கொடுக்கப்பட வேண்டியது என்றும் சொன்னார்கள். 2008-ல் கால் இழந்த ஒரு டேங்கர் லாரி ஓட்டுநருக்கும் உச்ச நீதிமன்றம் இதேபோல 100 சதவிகிதம் என்றது. உடம்பில் எவ்வளவு போயிற்று என்பதோடு, இந்த மனிதன் தன் தொழிலை இனிச் செய்ய முடியுமா என்ற கேள்வியும் கேட்கப்பட வேண்டும். சூசையப்பரின் திருநாளில் ஒரு தச்சரின் வழக்கை நினைப்பது பொருத்தந்தானே!

நம் பகுதி ஆலைகளில் பெரும்பாலோருக்கு வழி இ.எஸ்.ஐ. தான். பத்துப் பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் ஆலையில், மாதம் 21,000 ரூபாய் வரை வாங்குகிறவர்கள் இதில் சேர வேண்டும். இ.எஸ்.ஐ.யில் இருப்பவர் அதே விபத்துக்கு முதலாளியிடம் தனியாக இழப்பீடு கேட்க முடியாது, இரண்டில் ஒன்றுதான். ஆனால் இதிலுள்ள நன்மை பெரிது. மருத்துவம் இலவசம். வேலை செய்ய முடியாத நாட்களுக்குச் சராசரி நாள் கூலியில் 90 சதவிகிதம் கிடைக்கும். நாள் கூலி 500 என்றால் 450 ரூபாய். நிரந்தரக் குறை என்றால் மருத்துவக் குழு சதவிகிதத்தைத் தீர்மானிக்கும். பாதித் திறன் இழப்பு என்றால் நாளொன்றுக்கு 225 ரூபாய், ஆயுள் முழுதும். வேறு வேலைக்குப் போய்ச் சம்பாதித்தாலும் இது நிற்காது. வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே விபத்து நேர்ந்தாலும் இந்த உரிமை உண்டு.

"நான் கான்ட்ராக்ட் ஆள்தானே, எனக்கு என்ன உரிமை?" என்று கேட்கிறவர்கள் இங்கே பலர். ஒப்பந்தக்காரர் கொடுக்காவிட்டால், யாருடைய ஆலையில் வேலை நடந்ததோ அந்த முதன்மை முதலாளியே கொடுக்க வேண்டும். பிறகு அவர் ஒப்பந்தக்காரரிடம் வசூலித்துக்கொள்ளலாம். திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் 1981-ல் மனித உழைப்பைப் பற்றி வெளியிட்ட சுற்றுமடலில், நேரடி முதலாளி, மறைமுக முதலாளி என்று பிரித்து, இருவருக்கும் பொறுப்பு உண்டு என்று போதிக்கிறார். ஊனமுற்றோருக்கும் உழைக்கும் உரிமை உண்டு என்பதை அதே மடலில் வலியுறுத்துகிறார்.

விபத்து நேர்ந்தால் செய்ய வேண்டியவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

ஒன்று: அன்றே ஆலையின் விபத்துப் பதிவேட்டில் எழுதச் செய்யுங்கள். எழுத மறுத்தால் நீங்களே எழுத்து மூலம் தெரிவித்து, ஒரு நகலை வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு: ஆஸ்பத்திரியில், "வீட்டில் விழுந்தேன், வண்டியிலிருந்து விழுந்தேன்" என்று யார் சொல்லச் சொன்னாலும் சொல்லாதீர்கள். எந்த ஆலையில், எந்த இயந்திரத்தில் என்று உண்மையைச் சொல்லுங்கள். முதல் நாள் மருத்துவச் சீட்டில் பதிவதே பின்னால் பெரிய சாட்சி.

மூன்று: அடையாள அட்டை, சம்பளச் சீட்டு, வங்கிப் புத்தகம், இ.எஸ்.ஐ. எண், மருத்துவச் சீட்டுகள் எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு வையுங்கள். உடன் வேலை செய்த இருவரின் பெயரையும் குறித்துக்கொள்ளுங்கள்.

நான்கு: இ.எஸ்.ஐ. இல்லாதவர்கள் தொழிலாளர் துறையில் மனுச் செய்ய வேண்டும். அதற்கு இரண்டு ஆண்டுக் காலம் உண்டு. ஆனாலும் தாமதிக்க வேண்டாம். முதலாளி ஒரு மாதத்துக்குள் கொடுக்காவிட்டால் 12 சதவிகித வட்டியும், தக்க காரணம் இல்லையானால் தொகையில் பாதி வரை அபராதமும் சேரும்.

ஐந்து: வக்கீலுக்குப் பணம் இல்லையே என்று வாளாவிருக்க வேண்டாம். ஆலைத் தொழிலாளருக்கும் ஊனமுற்றோருக்கும் இலவசச் சட்ட உதவி உண்டு. மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். 15100 என்ற எண்ணில் தொலைபேசியிலும் கேட்கலாம்.

இங்கு வந்திருக்கும் மேற்பார்வையாளர்களுக்கும் தொழில் நடத்துவோருக்கும் ஒரு வார்த்தை. உற்பத்தி குறைகிறது என்று இயந்திரத்தின் காப்பைக் கழற்றச் சொல்லாதீர்கள். இரண்டு கையாலும் பொத்தானை அழுத்தினால்தான் இறங்க வேண்டிய பிரஸ்ஸில், ஒரு பொத்தானைக் குச்சி வைத்து அடைக்கச் சொல்லாதீர்கள். எந்த இழப்பீடும் ஒரு விரலை முளைக்கவைக்காது. உண்மையான விபத்து அறிக்கையை உரிய நேரத்தில் அனுப்புவது சட்டக் கடமை மட்டுமல்ல, மனச்சாட்சிக் கடமையும் ஆகும்.

கடைசியாக, நம் பங்கின் கடமை. நல்ல சமாரியன் அடிபட்டவனின் காயத்தைக் கட்டியதோடு நிற்கவில்லை. சத்திரத்துக்குக் கொண்டுபோனான், இரண்டு வெள்ளிக்காசு கொடுத்தான், மேலும் செலவானால் திரும்பி வரும்போது தருவதாகவும் பொறுப்பேற்றான். நாமோ ஆஸ்பத்திரிக்குப் பழம் வாங்கிக்கொண்டு போய், ஒரு செபம் சொல்லிவிட்டு, மூன்றாம் மாதம் மறந்துவிடுகிறோம். மூன்றாம் மாதந்தான் கைச்செலவு தீர்ந்து, கடன்காரன் கதவைத் தட்டும் மாதம்.

ஆகவே இந்த வெள்ளி விழாவின் நினைவாகக் கல்வெட்டு ஒன்றோடு நின்றுவிடாமல், உதவிக் குழு ஒன்றையும் அமைப்போம். படித்த பிள்ளைகள் நான்கைந்து பேர் முன்வந்தால் போதும். ஞாயிறு பூசைக்குப் பின் ஒரு மணி நேரம் ஆலய மண்டபத்தில் உட்காருங்கள். மனு எழுதிக் கொடுங்கள், இ.எஸ்.ஐ. அலுவலகத்துக்கும் மருத்துவக் குழுவுக்கும் துணையாகப் போங்கள். வருகிறவன் நம் பங்கைச் சேர்ந்தவனா, நம் வேதக்காரனா, நம் மொழி பேசுகிறவனா என்று பார்க்க வேண்டாம். வடநாட்டிலிருந்து வந்த பிள்ளைக்கு இங்கே தாயும் இல்லை, மாமனும் இல்லை. அவனுக்கு நாம்தான் உறவு. இந்த ஐந்து குறிப்புகளையும் தமிழிலும் இந்தியிலும் ஒரியாவிலும் எழுதி ஆலய முகப்பில் ஒட்டிவைப்போம்.

பெயர் கொடுக்க விரும்புகிறவர்கள் கூட்டம் முடிந்ததும் உபதேசியாரிடம் கொடுங்கள். தம் கைகளால் உழைத்துத் திருக்குடும்பத்தைக் காத்த புனித சூசையப்பர் உங்கள் கைகளையும் காப்பாராக.