புதிய கேமராவுக்கு ஏற்ற துணைக்கருவிகள்



டிஜிட்டல் எஸ்.எல்.ஆர். என்பது, லென்ஸ் வழியே வரும் ஒளியை உள்ளே சாய்வாக அமைந்த கண்ணாடியால் மேல்நோக்கித் திருப்பிப் படமெடுப்பவரின் கண்ணுக்குக் காட்டும் கேமரா. விசையை அழுத்தும் கணத்தில் அந்தக் கண்ணாடி மேலெழுகிறது. பின்னாலுள்ள ஷட்டர் திறக்கிறது. ஒளியை மின்குறிகளாக மாற்றும் சென்சாரின் மீது காட்சி பதிகிறது. லென்ஸைக் கழற்றி வேறொன்றை மாட்ட முடிவதே இக்கருவியின் தனிச்சிறப்பு. லென்ஸ் பொருந்தும் உலோக வளையத்துக்கு மவுண்ட் என்று பெயர். நிக்கான் நிறுவனம் 1959-இல் கொண்டுவந்த எஃப் மவுண்டும், கேனான் நிறுவனம் 1987-இல் கொண்டுவந்த இ.எஃப். மவுண்டும் ஃபிலிம் காலத்தில் தோன்றி டிஜிட்டல் காலத்திலும் நிலைத்தவை. கேமராவின் உடற்பகுதி சில ஆண்டுகளில் பழையதாகிவிட்டாலும், நல்ல லென்ஸும் முக்காலியும் அடுத்து வாங்கும் கேமராவுக்கும் உழைக்கும். ஆகவே துணைக்கருவிகளைத் தேர்ந்தெடுப்பதிலும் கேமராவைத் தேர்ந்தெடுக்கும் அளவுக்குக் கவனம் வேண்டும்.

கேமரா விற்கும் இடங்களில் பை, மெமரி கார்டு, சிறு முக்காலி, கண்ணாடி ஃபில்டர் ஆகியவற்றை ஒரே தொகுப்பாகச் சேர்த்துக் கொடுக்கும் வழக்கம் உண்டு. வாங்குபவரின் தேவை இன்னதென்று தெரியும் முன்பே கட்டப்படும் தொகுப்பு அது. துணைக்கருவி ஒவ்வொன்றும், எடுத்த படத்தில் கண்ட ஒரு குறைக்கோ, வரவிருக்கும் ஓர் இழப்புக்கோ விடையாக அமைவதே முறை. இழப்பைத் தடுப்பவற்றை முதல் நாளே வாங்கலாம். குறையைத் தீர்ப்பவற்றைச் சில நூறு படங்கள் எடுத்து, குறை எதுவென்று அறிந்த பின்பு வாங்கலாம்.

முதல் நாளே வேண்டியது மெமரி கார்டு. கேனான் 1500டி, நிக்கான் டி3500 போன்ற 24 மெகாபிக்சல் கேமராக்களில், சென்சார் பதிந்த தரவை அப்படியே காக்கும் ரா கோப்பு ஒன்று ஏறத்தாழ 30 மெகாபைட் வரை இடம் கொள்வதால், 32 ஜிகாபைட் கார்டில் சுமார் 1,000 ரா படங்கள் அடங்கும். இவ்விரு கேமராக்களிலும் கார்டு செருக ஒரே இடம்தான் உண்டு. ஆகையால் பெரிய கார்டு ஒன்றை வாங்குவதைவிட, நடுத்தர அளவில் இரண்டை வாங்கி மாற்றி மாற்றிப் பயன்படுத்தினால், ஒன்று பழுதானாலும் எல்லாப் படங்களும் போய்விடாது. கார்டின் முகப்பில் பெரிதாக அச்சிட்டிருக்கும் வேகம் பெரும்பாலும் தரவைப் படிக்கும் வேகமாகும். வீடியோ எடுப்பவர் கவனிக்க வேண்டியது எழுதும் வேகத்தை. வட்டத்துக்குள் 10 என்றிருந்தால் நொடிக்குக் குறைந்தது 10 மெகாபைட்டும், யு3 அல்லது வி30 என்றிருந்தால் குறைந்தது 30 மெகாபைட்டும் எழுதப்படும் என்பது பொருள். மேற்சொன்ன கேமராக்களின் முழு எச்.டி. வீடியோவுக்கு 10 என்னும் தரமே போதும். கொள்ளளவைப் பொய்யாகக் காட்டும் போலிக் கார்டுகளும் புழங்குவதால், நம்பகமான இடத்தில் ரசீதுடன் வாங்கி, கேமராவிலேயே ஃபார்மேட் செய்து பயன்படுத்துவது நன்று.

அடுத்தது மாற்று பேட்டரி. ஜப்பானிய கேமராத் தொழில் கூட்டமைப்பின் பொதுச் சோதனை முறைப்படி ஒருமுறை மின்னேற்றினால் 1500டி சுமார் 500 படங்களும், டி3500 சுமார் 1,550 படங்களும் எடுக்கும். முன்னதை வைத்திருப்பவர் ஒரு நாள் திருவிழாவுக்குப் போனாலும் இரண்டாவது பேட்டரி தேவைப்படும். பின்னதை வைத்திருப்பவர் அந்தப் பணத்தை வேறொன்றுக்கு ஒதுக்கலாம். பின்திரையைப் பார்த்தே படமெடுப்பவருக்கு இந்த எண்ணிக்கை வெகுவாகக் குறையும். விமானப் பயணத்தில் மாற்று லித்தியம் பேட்டரிகளைச் சரக்குப் பெட்டியில் வைக்காமல் கைப்பையில், முனைகளை மூடி எடுத்துச் செல்ல வேண்டும் என்பது விதி.

இனி, படத்தின் குறையைத் தீர்க்கும் கருவிகள். புதிய கேமராக்காரர் முதலில் காணும் குறை கலங்கிய படம். அது மூன்று காரணங்களால் நேர்கிறது: கை அசைவது, படமெடுக்கப்படுபவர் அசைவது, லென்ஸ் தவறான இடத்தில் குவிவது. நிற்கும் தூணும் சேர்ந்து கலங்கியிருந்தால் கை அசைந்திருக்கிறது. தூண் தெளிவாக இருக்க, ஓடும் குழந்தை மட்டும் கலங்கியிருந்தால் குழந்தை அசைந்திருக்கிறது. குழந்தையின் முகம் கலங்கி, பின்னாலுள்ள சுவர் தெளிந்திருந்தால் குவியம் தவறியிருக்கிறது. முதற்குறைக்கு மருந்து முக்காலி. இரண்டாவதற்கு முக்காலி உதவாது. அதற்கு அதிக ஒளியை உள்வாங்கும் லென்ஸோ ஃபிளாஷோ வேண்டும். மூன்றாவதற்குப் பணச்செலவே இல்லை, பயிற்சி போதும்.

கேமராவுடன் வரும், குவியத் தூரம் 18–55 மி.மீ. கொண்ட லென்ஸின் நீண்ட முனையில், ஒளி நுழையும் துளையின் மிகப்பெரிய அளவு எஃப் 5.6. இந்த எண் சிறியதாக ஆக, துளை பெரியதாகும். 50 மி.மீ. எஃப் 1.8 என்னும் எளிய லென்ஸ், எஃப் 5.6-ஐவிட ஏறத்தாழ 10 மடங்கு ஒளியை உள்ளே விடுகிறது. மங்கிய கோயில் மண்டபத்தில் ஒரு நொடியின் 20-இல் ஒரு பங்கு நேரம் திறந்திருக்க வேண்டிய ஷட்டர், இந்த லென்ஸால் 200-இல் ஒரு பங்கு நேரம் திறந்தாலே போதும். நடப்பவரும் சிரிப்பவரும் தெளிவாகப் பதிவார்கள். ஆனால் இத்தகைய கேமராக்களின் சென்சார் பழைய ஃபிலிம் சட்டத்தைவிடச் சிறியது என்பதால், 50 மி.மீ. லென்ஸ் நிக்கானில் 75 மி.மீ. போலவும் கேனானில் 80 மி.மீ. போலவும் காட்சியை நெருக்கிக் காட்டும். முகங்களுக்கு அது மிகப் பொருத்தம். சிறிய அறைக்குள் குடும்பம் முழுவதையும் எடுக்க நினைப்பவருக்கு 35 மி.மீ. லென்ஸ் பொருந்தும். டி3500-இன் உடலுக்குள் குவிய மோட்டார் கிடையாது. ஆகவே அதற்கு லென்ஸ் வாங்குவோர், மோட்டாரைத் தன்னுள் கொண்ட ஏஎஃப்-எஸ் அல்லது ஏஎஃப்-பி வகையைக் கேட்டு வாங்க வேண்டும். பழைய டி வகை 50 மி.மீ. லென்ஸ் அதில் பொருந்தும், ஆனால் தானாகக் குவியாது.

முக்காலியைப் பொறுத்தவரை, எடைதாங்கும் திறனே முதல் அளவுகோல். லென்ஸுடன் சேர்த்துக் கேமராவின் எடையைப் போல இருமடங்கையாவது தாங்க வேண்டும். நடுத்தண்டை உயர்த்தாமலேயே கண் மட்டத்தை எட்டும் முக்காலி சிறந்தது. நடுத்தண்டை உயர்த்த உயர்த்தக் காற்றில் அசைவு கூடும். முக்காலியின் தலைப்பகுதியில் இருவகை உண்டு. ஒரே திருகில் எல்லாத் திசையிலும் சுழலும் பந்துத் தலை விரைவான வேலைக்கும், மூன்று கைப்பிடிகள் கொண்ட தலை கட்டடங்களைக் கோடு பிசகாமல் எடுப்பதற்கும் ஏற்றவை. கேமராவின் அடியிலுள்ள கால் அங்குலத் திருகுத் துளை எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவானது. ஆகவே முக்காலிக்குச் செலவிடும் பணம், கேமரா மாறினாலும் வீணாவதில்லை. எஸ்.எல்.ஆர். கேமராவில் கண்ணாடி மேலெழும்போது உண்டாகும் அதிர்வும் மெதுவான ஷட்டரில் படத்தைக் கலக்கும். பின்திரைக் காட்சியை இயக்கினால் பல கேமராக்களில் கண்ணாடி முன்னரே மேலே நின்றுவிடும். அத்துடன் 2 நொடித் தாமத விசையையும் பயன்படுத்தினால், தனியாக ரிமோட் வாங்காமலேயே அசைவைத் தவிர்க்கலாம்.

ஃபிளாஷின் ஆற்றலை வழிகாட்டி எண்ணால் குறிப்பர். அந்த எண்ணைத் துளையின் எண்ணால் வகுத்தால், ஒளி எட்டும் தூரம் மீட்டரில் கிடைக்கும். 1500டி-யில் உள்ளமைந்த ஃபிளாஷின் எண், சென்சாரின் ஒளியுணர்திறனைக் குறிக்கும் ஐ.எஸ்.ஓ. 100-இல், ஏறத்தாழ 9. எஃப் 5.6-இல் அது ஒன்றரை மீட்டர் சொச்சம்தான் எட்டும். எண் 36 கொண்ட தனி ஃபிளாஷ் எஃப் 4-இல் 9 மீட்டர் எட்டும். எட்டும் தூரத்தைவிட மதிப்புமிக்கது, தலையைத் திருப்பும் வசதி. நேராக முகத்தில் அடிக்கும் ஒளி பின்சுவரில் கரிய நிழலைத் தள்ள, வெள்ளைக் கூரையில் பட்டுத் திரும்பும் ஒளி சன்னலொளி போல மெல்லப் படரும். வண்ணம் பூசிய கூரையென்றால் அந்த வண்ணம் முகத்திலும் ஏறும். திருமண மண்டபத்தின் உயர்ந்த கூரையென்றால் ஒளி திரும்பி வருவதற்குள் வலுவிழந்துவிடும். கேனான் 200டி மார்க் 2 போன்ற சில மாதிரிகளில் ஃபிளாஷ் செருகும் இடத்தின் நடு முனை நீக்கப்பட்டிருப்பதால், பொதுவகை ஃபிளாஷ்கள் அவற்றில் எரிவதில்லை. கேமராவில் மாட்டி எரியவைத்துப் பார்த்த பின்பே வாங்க வேண்டும்.

ஃபில்டர்களில் தெளிவான முடிவு தேவை. ஃபிலிம் புற ஊதாக் கதிரை உணர்ந்ததால் அன்று யு.வி. ஃபில்டர் பயன்பட்டது, டிஜிட்டல் சென்சாரின் முன்னேயே அத்தகைய தடுப்பு இருப்பதால், இன்று அது கடற்கரைத் தெறிப்பிலும் மணற்காற்றிலும் காப்புக் கண்ணாடியாக மட்டுமே உதவுகிறது. மலிவான கண்ணாடி இரவு விளக்குகளைப் போலி நிழல்களாக இரட்டித்துக் காட்டும். பக்கவாட்டு ஒளியைத் தடுத்து, கீழே விழும்போது முதல் அடியைத் தான் வாங்கிக்கொள்ளும் லென்ஸ் ஹூட் யு.வி. ஃபில்டரைவிடக் கூடுதல் பயன் தருவது. கணினியால் பின்னர் உண்டாக்க முடியாத பயனைத் தருவது போலரைசர். அதைச் சுழற்றினால் நீர்ப்பரப்பிலும் இலைகளிலும் பளபளக்கும் பிரதிபலிப்பு அடங்கி, உள்ளிருக்கும் நிறம் தெரியும். எஸ்.எல்.ஆர். கேமராவின் கண்ணாடி ஒளியின் ஒரு பகுதியைக் குவிய உணரிக்கு அனுப்புவதால், நேர்க்கோட்டு வகைப் போலரைசர் அந்த உணரியைக் குழப்பக்கூடும். வட்டவகைப் போலரைசரையே வாங்க வேண்டும். லென்ஸின் முகப்பில் 55, 58 என்று பொறித்திருக்கும் விட்ட அளவைப் பார்த்து வாங்குவதும் இன்றியமையாதது.

தமிழகக் கரையோரத்தில் வாழ்வோர், லென்ஸுக்கு ஒதுக்கும் கவனத்தை அதைக் காப்பதற்கும் ஒதுக்க வேண்டும். காற்றின் ஈரப்பதம் 60 விழுக்காட்டுக்கு மேல் நீண்ட நாள் நீடித்தால், லென்ஸின் உட்கண்ணாடியில் பூஞ்சை நூலிழையாகப் படரும். அது சுரக்கும் அமிலம் கண்ணாடியின் மேற்பூச்சை அரித்துவிட்டால், சுத்தம் செய்தாலும் தழும்பு போகாது. தோல் உறையில் பூட்டி அலமாரியில் வைக்கப்படும் லென்ஸுக்கே இந்த ஆபத்து மிகுதி. காற்றுப் புகாத பிளாஸ்டிக் பெட்டி, நிறம் மாறிக் காட்டும் சிலிக்கா ஜெல், சிறிய ஈரப்பதமானி ஆகிய மூன்றும் சேர்ந்தால், 40 முதல் 50 விழுக்காடு என்னும் பாதுகாப்பான அளவில் ஈரப்பதத்தை நிறுத்தலாம். நிறம் மாறிய ஜெல்லைச் சூடாக்கி ஈரத்தைப் போக்கினால் மீண்டும் பயன்படும். குளிரூட்டிய அறையிலிருந்து வெக்கைக்குள் வரும்போது, கேமராவைப் பைக்குள்ளேயே அரைமணி நேரம் விட்டுவைத்தால் லென்ஸில் நீர் படியாது. தூசியை ரப்பர் ஊதுகுமிழால் முதலில் அகற்றிவிட்டுப் பின்பே துணியால் துடைக்க வேண்டும். மணல் இருக்கத் துடைத்தால் கீறல் விழும். வாயால் ஊதினால் எச்சில் தெறிக்கும்.

கேமராவைக் காப்பது போலவே படங்களையும் காக்க வேண்டும். மூன்று பிரதிகள், இருவகைச் சேமிப்புக் கருவிகள், ஒரு பிரதி வேறிடத்தில் என்னும் வழிமுறை உலகெங்கும் பின்பற்றப்படுகிறது. வெளிப்புற ஹார்டு டிஸ்க் பலருடைய பட்டியலில் இடம்பெறாவிட்டாலும், பிள்ளையின் முதல் நடையையும் பாட்டியின் கடைசிப் பொங்கலையும் காத்து நிற்பது அதுவே.

கேனானும் நிக்கானும் இன்று கண்ணாடியற்ற மிரர்லெஸ் கேமராக்களின் பக்கம் திரும்பிவிட்டன. எனினும் 2018 முதல் அவை விற்கும் அடாப்டர்களால் பழைய மவுண்ட் லென்ஸ்கள் புதிய கேமராக்களிலும் இயங்குகின்றன. இன்று சிந்தித்து வாங்கும் நல்ல லென்ஸ் நாளைக்கும் உதவும்.

அடுத்து எதை வாங்குவது என்னும் கேள்விக்கு விடை, எடுத்த படங்களிலேயே இருக்கிறது. ஒவ்வொரு கோப்பிலும் ஷட்டர் வேகம், துளை அளவு, குவியத் தூரம் ஆகியவை எக்சிஃப் என்னும் குறிப்பாகத் தாமே பதிவாகின்றன. மூன்று மாதப் படங்களைக் கணினியில் திறந்து, பிடித்தவற்றையும் கலங்கியவற்றையும் பிரித்து, அவற்றின் குறிப்புகளை ஒப்பிட்டுப் பார்ப்பவருக்கு, முக்காலியா, லென்ஸா, ஃபிளாஷா என்று பிறரிடம் கேட்க வேண்டிய தேவை பெரும்பாலும் இராது.