தெருவும் ஊருணியும்

(சங்கத்தின் ஆண்டு நிறைவுக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)

   

நம் தெருவின் அபிவிருத்தியைப் பற்றிச் சில சொல்லுமாறு காரியதரிசியவர்கள் எனக்குப் பணித்தனர். இத்தகைய பொருள் கிடைத்தால் நூல்களினின்று மேற்கோள்களை எடுத்தடுக்கிப் பொழுதைப் போக்குதல் என்போன்ற தமிழாசிரியர்க்கு எளிது. அவ்வெளிய வழியை இன்று விட்டுவிட்டேன். கண்ணாற் கண்டவற்றையும், யானே செய்து பிழைபட்டவற்றையும் சொல்லத் துணிந்தேன். அவற்றுட் சில கேட்பதற்கு இனியனவல்ல.

இனியவற்றை முன்னே சொல்லிவிடுகின்றேன். பொதுத்தேர்வில் தேர்ந்த நம் பிள்ளைகளுக்குப் பரிசில் வழங்கினோம். கண் மருத்துவ முகாம் நடத்தினோம். அதற்கு வந்தோரிற் பாதிப்பேர் பிற தெருவினர் என்பது எனக்கு மகிழ்ச்சி. திருவிழா அன்னதானம் குறைவின்றி நிகழ்ந்தது. தெரு முனையில் நெடுநாள் இருண்டு கிடந்த விளக்கு, நகரசபைக்கு நான்கு முறை விண்ணப்பித்தபின் எரிகின்றது. இவற்றுக்கெல்லாம் உழைத்தோர் பெயர்களைக் காரியதரிசியின் அறிக்கை கூறும்.

இனி ஊருணிக்கு வருவோம்.

ஊர் உண்ணும் நீரையுடையது ஊருணி. வள்ளுவனார் ஒப்புரவைப் பேசும் அதிகாரத்தில் அதனை உவமையாக வைத்தமை யாவரும் அறிந்ததே. நம் சிவகங்கைச் சீமையிலும் அண்டையிலுள்ள இராமநாதபுரச் சீமையிலும் பல ஊர்களில் நிலத்தடி நீர் உவர்ப்பு, ஆற்றுநீரோ அரிது. ஆதலின் வானத்து நீரை வாங்கி வைத்து உண்பதற்கு நம் முன்னோர் ஊருணிகளைத் தோண்டினர். அது வெறும் பள்ளமன்று. மேட்டுநிலத்து மழைநீரைக் கொணரும் வரத்துக்கால், இறங்கி நீர் முகப்பதற்குப் படித்துறை, கோடையிற் கடைசிக் குடத்தையும் தருதற்கு நடுக்கிணறு, மிகுந்த நீரை வெளியேற்றும் மறுகால், நீர் கீழிறங்காமற் காக்கும் களிமண் படுகை ஆகிய இத்தனையும் சேர்ந்ததே ஊருணி. இவற்றுள் ஒன்று கெடினும் மற்றவை பயனின்றிப் போகும்.

குழாயிற் காவிரி நீர் வந்தது. நல்லதுதான், குடத்தைச் சுமந்து நடந்த தாய்மார்களின் இடுப்பு அறியும் அந்நன்மையை. ஆயின் குழாய் வந்த நாள்தொட்டு ஊருணியின் பக்கம் நாம் திரும்பிப் பார்த்திலோம். பாராத இடத்திற் குப்பை சேர்தல் இயல்பு. ஒருமுறை பயன்படுத்தி எறியும் நெகிழிப் பொருள்கள் பலவற்றை 2019 சனவரி முதல் நாள் தொட்டு அரசு தடுத்துள்ளது. அத்தடையாணை நம் ஊருணிக்கரையை இன்னும் எட்டவில்லை போலும்!

மூன்றாண்டுகளுக்கு முன் நாம் விழித்தெழுந்தோம். வீடுதோறும் பொருள் திரட்டி, மண் வெட்டும் பொறியைக் கொணர்ந்து, நான்கு நாளில் ஊருணியை ஆழப்படுத்தினோம். படம் எடுத்துக்கொண்டோம். அடுத்த ஐப்பசியில் நல்ல மழை பெய்தது. ஊருணியிற் கணுக்கால் அளவு நீர் நின்றது; பதினைந்து நாளில் அதுவும் மறைந்தது. மழையின்மேலும் விதியின்மேலும் பழிபோட்டு அமைந்தோம்.

உண்மைக் காரணங்கள் இரண்டு. ஒன்று, பொறி வெட்டிய வேகத்திற் சேற்றோடு களிமண் படுகையையும் வெட்டி எறிந்தோம். வண்டலுக்கும் படுகைக்கும் வேற்றுமை தெரிந்த முதியவர் ஒருவர் அன்று கரையில் நின்று கூவினார். பொறியின் இரைச்சலில் அவர் சொல் ஏறவில்லை. ஏறியிருந்தாலும் கேட்டிருப்போமோ என்பது ஐயமே. என்னை? அவர் நம் தெருவினர் அல்லர். கீழ்க்கரைக்கு அப்பாலுள்ள தெருவினர்.

மற்றொன்று வரத்துக்கால். சென்ற ஐப்பசியில் ஒருநாள் விடியலில் மழை பெய்துகொண்டிருக்கும்போதே குடையும் அளவுநாடாவும் எடுத்துக்கொண்டு அக்காலின் வழியே நடந்தேன். மேட்டில் இரண்டு பாக அகலத்தில் வரும் கால், நம் தெருவிற் புகுந்தவுடன் ஒரு முழமாகச் சுருங்குகிறது. வண்டி ஏற்றுதற்கு அமைத்த சாய்தளங்களும், திண்ணையின் நீட்சிகளும், கழிவுநீர்த் தொட்டி ஒன்றும் அதன்மேல் நிற்கின்றன. எண்ணினேன், 14 வீடுகள். அவற்றுள் 11 நம்மவருடையவை. பதினொன்றில் ஒன்று அடியேனுடையது.

என் தந்தையார் கட்டிய படி அது. காலின்மேல் மூன்றடி நீண்டிருந்தது. தந்தை கட்டியதை இடித்தல் தகுமோ என்று என் துணைவியார் கேட்டார்கள். தகும் என்று சொல்ல எனக்கு ஒரு திங்கள் ஆயிற்று. தை மாதத்தில் இடித்தேன். இப்பொழுது எம் வீட்டினுள் வண்டி ஏறுவதில்லை; வெளியே வெயிலில் நிற்கின்றது. மற்றைப் பதின்மூன்று வீட்டாரையும் யான் இங்கே பெயர் சொல்லி அழைக்கப்போவதில்லை. ஒவ்வொருவரும் தம் வாயிலைத் தாமே அளந்து பார்க்கலாம். அளவுநாடா என்னிடம் உண்டு.

நீர்நிலையைக் கவர்ந்து நிற்கும் கட்டடம் சட்டத்தின் முன்னும் நில்லாது என்பதை நினைவூட்டுகின்றேன். குளம் குட்டைகள் ஊர்ப்பொது. அவற்றைத் தனியார்க்கு ஆக்கலாகாது என்று உச்சநீதிமன்றம் 2001-ஆம் ஆண்டிலே தீர்ப்புரைத்தது. நீர்நிலைகளில் ஆக்கிரமிப்புகளை அகற்றுமாறு சென்னை உயர்நீதிமன்றம் 2005-இல் ஆணையிட்டது. அதிகாரி வந்து இடிப்பதினும் நாமே இடித்தல் செலவிலும் குறைவு, மானத்திற்கும் நன்று.

இப்பொழுது, நம் பெரியோர் சிலர் கொணர்ந்துள்ள யோசனையைப் பற்றிப் பேசவேண்டும். "இவ்வூருணி நம் குல முன்னோர் தம் பொருளால் வெட்டியது, ஆதலின் சுற்றிலும் கம்பிவேலி இட்டு, சங்கத்தின் பெயர்ப்பலகை நாட்டி, வாயிலைப் பூட்டித் திறவுகோலைச் சங்கத்தில் வைப்போம், அப்பொழுதுதான் குப்பை சேராது" என்பது அவர்கள் கருத்து. அவர்கள்பால் எனக்குள்ள மதிப்பு சிறிதும் குறைந்ததன்று. ஆயினும் இந்த யோசனையை யான் எதிர்க்கின்றேன்.

முன்னோர் வெட்டினர் என்பது மெய். பூட்டு ஒன்றும் அவர்களுக்குப் புதிதன்று. அது இரும்பினால் ஆனதன்று, அவ்வளவே வேற்றுமை. வடகரையில் உள்ள படித்துறையில் நம் வீட்டுப் பெண்டிர் இறங்கி நீர் முகந்தனர். கீழ்த்தெருப் பெண்டிர் படியில் அடிவைத்தலாகாது. அவர்கள் வெற்றுக்குடத்தோடு கரையில் நின்று, நம்மவர் யாரேனும் மனமிரங்கி மொண்டு ஊற்றும்வரை காத்திருந்தனர். என் பாட்டியார் நாள்தோறும் அவ்வாறு ஊற்றியவர். அதனை அறமென்றே நம்பியவர். என்னிடம் பெருமையோடு கூறியும் இருக்கின்றார். சிறுவனாகிய யான் கேட்ட கேள்வி ஒன்றே: "அவர்களே இறங்கி எடுத்தால் என்ன, பாட்டி?" அவர் விடைகூறவில்லை. முற்றத்தைப் பெருக்கப் போய்விட்டார்.

1950 சனவரி 26-இல் நடைமுறைக்கு வந்த நம் அரசியல் சட்டத்தின் 15-ஆம் பிரிவு, பொதுமக்கள் பயனுக்கென விடப்பட்ட கிணறு, குளம், படித்துறை ஆகியவற்றைப் பயன்படுத்துதற்குச் சாதிபற்றி எவரையும் தடுத்தல் கூடாதென்கின்றது. ஊர் உண்ணுதற்கென்று வெட்டியதனை அதற்குப் புறம்பென்று எவ்வாறு வாதிப்போம்? வேலியும் பூட்டும் குப்பையைத் தடுத்தற்கே என்பார் சிலர். குப்பை கீழ்த்தெருவிலிருந்து மட்டும் வருகின்றதா? அன்று நடந்தபோது காலிற் கிடந்தவற்றை யான் கிளறிப் பார்த்தேன். நம் திருமண மண்டபத்துத் தட்டுகளும் நம் கடைகளின் பைகளுமே மிகுதி.

அஃதன்றியும், வரத்துக்கால் நான்கு தெருக்களைக் கடந்து வருகின்றது. அத்தெருக்களில் நம்மவர் உளர், பிறர் உளர், வாடகைக் குடியினர் மிகப் பலர். மூன்று தெருவினரை வெளியே நிறுத்திப் பூட்டிவிட்டு, "உங்கள் வாயிலில் காலைத் தூர்க்காதீர்கள்" என்று அவர்களை எந்த முகத்தோடு வேண்டுவது? வண்டலையும் களிமண்ணையும் பிரித்தறிய வல்ல அம்முதியவரை எந்த வழியில் உள்ளே அழைப்பது?

ஆகவே என் வேண்டுகோள் இது. ஊருணிப் பணியைச் சங்கம் தன் தனிக் காரியமாகக் கொள்ளாது, நான்கு தெருவினரும் கூடிய தெருவோர் குழு ஒன்றினிடம் ஒப்புவித்தல் வேண்டும். சங்கம் அதற்குப் பொருள் தரட்டும், ஆள் தரட்டும், பெயர்ப்பலகை கேளாதிருக்கட்டும். குழுவிற் பாதிப்பேர் பெண்டிராக இருத்தல் நன்று. வாடகைக் குடியினர்க்கும் இடம் வேண்டும்.

குழுவென்றவுடன் கணக்கு நினைவிற்கு வருகின்றது. காஞ்சிபுரம் மாவட்டத்து உத்தரமேரூரில் முதற் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு உள்ளன. 919, 921 ஆகிய ஆண்டுகளுக்குரியவை. ஊரை முப்பது குடும்புகளாகப் பகுத்து, தகுதியுடையோர் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டு, சிறுவன் ஒருவனைக்கொண்டு எடுப்பித்து வாரியங்களை அமைத்த முறையை அவை விரித்துரைக்கின்றன. ஏரியைக் காத்தற்கென்றே ஏரி வாரியம் என ஒன்று இருந்தது. அதன் உறுப்பினர் அறுவர். வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவன் மீண்டும் அப்பதவிக்கு வருதல் இயலாது. அவன் நெருங்கிய உறவினர்க்கும் அதே விலக்கு. மேடைதோறும் இக்கல்வெட்டைப் புகழ்கின்றோம். புகழத்தக்கதே. அச்சபை அந்தணர் சபை என்பதையும், பெண்டிர்க்கோ பிற குலத்தார்க்கோ அதில் இடமில்லை என்பதையும் மட்டும் நாம் சொல்லாது விடுகின்றோம். கணக்குக் காட்டுதலை அவர்களிடமிருந்து கற்போம், கதவடைத்தலைக் கல்லாதிருப்போம்.

அக்கணக்கு விதியால் முதலில் விலக்கப்படுவோன் யானே. மூன்றாண்டுக்கு முன் பொருள் திரட்டிய குழுவில் யானும் ஒருவன். பற்றுச்சீட்டுப் புத்தகம் ஒன்று என் வீட்டு அலமாரியில் இன்றுவரை கிடந்தது. பணம் ஒருவரும் உண்டிலர்; பொறிக்கும் எண்ணெய்க்கும் ஆட்கூலிக்கும் சென்றது. ஆனால் வரவு இவ்வளவு, செலவு இவ்வளவு என்று ஊராரிடம் எழுதிக் காட்டினோமா? இல்லை. சோம்பலன்றி வேறு காரணமில்லை. அதன் விளைவு, இவ்வாண்டு யான் எந்த வீட்டுப் படியேறினாலும், "சென்ற முறை கொடுத்தது என்னவாயிற்று, ஐயா?" என்னும் வினா எனக்கு முன்னே வந்து நிற்கின்றது. அப்புத்தகத்தை இதோ பொக்கிஷதாரரிடம் ஒப்படைக்கின்றேன். கணக்கு எழுதி முடிந்ததும் அதனைச் சங்கத்துச் சுவரில் ஒட்டவேண்டும். கீழ்த்தெரு முனையிலும் ஒட்டவேண்டும், அவர்களும் கொடுத்திருக்கின்றார்கள். புதிய குழுவில் யான் பதவி ஏற்கமாட்டேன். மண்வெட்டி பிடிப்பதற்கு விலக்கில்லையென்றால் அதற்கு வருவேன்.

நகரசபையை விட்டுவிட்டு நாமே எல்லாம் செய்தல் இயலாது, செய்தலும் முறையன்று. வார்டு குழுக்களும் பகுதி சபைகளும் நம் நகர்ப்புறங்களில் 2022-ஆம் ஆண்டு தொட்டு அமைந்துள்ளன; அவ்வாண்டு நவம்பர் முதல் நாளன்று பகுதி சபைக் கூட்டங்கள் நிகழ்ந்தன. குடிநீர், தெருவிளக்கு, சாக்கடை, குப்பை ஆகியவற்றைக் குடிகள் எடுத்துரைத்தற்கு அது இடம். அடுத்த கூட்டத்திற்கு நான்கு தெருவினரும் சேர்ந்து போவோம். கேட்கவேண்டியவை மூன்றே: வரத்துக்காலை நில அளவையாளர் அளந்து கல் நடுதல், காலில் விடப்படும் கழிவுநீரைச் சாக்கடைக்குத் திருப்புதல், கெட்ட படுகையைக் களிமண் இட்டுத் திருத்துதற்கு அனுமதியும் உதவியும். குடிமராமத்து என்பது நம்மவர் வாழ்வில் இருந்த பழைய சொல். அரசே 2017-இல் அப்பெயரால் ஒரு திட்டம் தொடங்கிற்று. ஆதலின் நம் கோரிக்கை அதிகாரிகளுக்குப் புதுமையாகத் தோன்றாது.

ஒரு தடையை மட்டும் சொல்லிவிடுகின்றேன். நீர் நின்றால் கொசு பெருகும் என்று வைத்திய ஆலோசனை சொல்வார் தெருவுக்கு நால்வர் உளர். தூய நீரும் அதில் மீனும் உள்ள ஊருணியில் மீன்கள் கொசுப்புழுவை உண்டுவிடும். டெங்குக் கொசு விரும்பி முட்டையிடுவது மொட்டைமாடியிற் கிடக்கும் பழைய சக்கரத்திலும், மூடாத தொட்டியிலும், தேங்காய்ச் சிரட்டையிலும். வரும் வெள்ளிக்கிழமை அவற்றைக் கவிழ்த்துவிட்டு ஊருணியைப் பற்றிப் பேசலாம். 2003-இல் கட்டாயமாக்கப்பட்ட மழைநீர்ச் சேமிப்புத் தொட்டியையும் அன்றே திறந்து பாருங்கள். பல வீடுகளில் குழாய் இருக்கின்றது, தொட்டியைக் காணோம்.

வேலி பற்றிய தீர்மானம் இக்கூட்டத்தின் இறுதியில் வாக்கிற்கு வருமென்று காரியதரிசியவர்கள் கூறினர். அது தோற்றால், வரும் ஞாயிறு காலை 6 மணிக்கு வரத்துக்காலின் மேற்குத் தலையில் கூடுவோம். கீழ்த்தெரு முதியவரை நேற்று மாலை கண்டு அழைத்தேன். "வருகிறேன் தம்பி; இந்த முறை பொறி வேண்டாம், மண்வெட்டி போதும்" என்றார். அது வென்றாலும் அவர் வருவார். அப்பொழுது பூட்டிய வாயிலின் முன் அவருக்கு என்ன சொல்வதென்பதை அவையோரே எனக்கு முன்கூட்டி அறிவித்தல் வேண்டும்.