எரிமலை வாயில் ஒரு கலைஞர்

ஓவியத்தைப் பற்றியோ சிற்பத்தைப் பற்றியோ வானொலியிற் பேச முற்படுவோர்க்கு ஓர் இடர்ப்பாடு உண்டு. பேசப்படும் பொருளைக் கேட்போர் கண்முன் நிறுத்த அவர்களால் இயலாது. இன்று நான் எடுத்துக்கொண்ட கலைஞரைப் பொறுத்தவரை அந்த இடர்ப்பாடு அவ்வளவு பெரிதன்று. அவர் புகழ் பெற்றது துணியில் எழுதிய ஓவியத்தாலன்று. கல்லிற் செதுக்கிய உருவத்தாலுமன்று. ஒளியொன்றே அவர் கையாண்ட மூலப்பொருள். அவர் பெயர் ஜேம்ஸ் டரெல்.

இவர் 1943ஆம் ஆண்டு ஐக்கிய அமெரிக்காவின் லொஸ் ஏஞ்சலிஸ் நகரிலே பிறந்தவர். தந்தையார் விமானப் பொறியியலாளர். மைந்தரோ பதினாறாம் வயதிலேயே விமானமோட்டும் உரிமம் பெற்றுவிட்டார். குடும்பத்தினர் குவேக்கர் என்னும் கிறித்தவ நெறியினர். ஒன்றுகூடி மௌனமாக அமர்ந்திருப்பதே அவர்களது வழிபாடு. அந்த மௌனத்தில் உள்ளே சென்று ஒளியை வரவேற்குமாறு பாட்டியார் தமக்குச் சொல்லிக்கொடுத்ததை டரெல் பிற்காலத்தில் நினைவுகூர்ந்திருக்கிறார். பொமோனா கல்லூரியிலே புலனறிவு பற்றிய உளவியலையும் கணிதத்தையும் பயின்று 1965இல் பட்டம் பெற்றார். சிறு விமானங்களை ஓட்டுவதோடு, பழைய விமானங்களைச் செப்பனிட்டும் பொருளீட்டினார்.

விமானமோட்டுவதற்கும் கலைக்கும் என்ன தொடர்பு என்று நீங்கள் வினவலாம். தொடர்பு மிக நெருங்கியது. முகிலுக்குள் நுழைந்த விமானிக்கு அடிவானம் மறைந்துபோகிறது. எங்கும் ஒரே வெண்மை. அப்பொழுது அவன் தன் உடலுணர்வை நம்பினால் கெடுவான். விமானம் ஒரு பக்கம் சாய்ந்து வட்டமிட்டுக்கொண்டிருக்க, தான் நேராகவே செல்வதாக அவன் உணர்வான். ஆகையால் முன்னேயுள்ள கருவிகளை நம்பவே அவன் பழக வேண்டும். இன்னுமொன்று: உலகம் உருண்டை என்று பள்ளியிற் படித்தவனாயினும், தாழப் பறக்கும் விமானத்திலிருந்து பார்க்கும்போது நிலம் ஒரு பெருங்கிண்ணம்போல ஓரங்களில் உயர்ந்து தோன்றும். கண்ணானது உலகத்தை உள்ளபடியே வாங்கித் தருவதன்று; கிடைத்தவற்றைக் கொண்டு ஓர் உலகத்தைத் தானே சமைத்துத் தருவது. இந்த உண்மையை நூலிற் கற்பவர் பலர். ஆகாயத்திற் கற்றவர் டரெல்.

1966இல், சாந்தா மோனிக்காக் கடற்கரையை அடுத்து, கைவிடப்பட்டிருந்த மெண்டோட்டா என்னும் பழைய விடுதியை அவர் வாடகைக்குப் பெற்றார். சாளரங்களை அடைத்துச் சுவர்களுக்கு வெள்ளை பூசி, அறையின் மூலையொன்றிலே ஒளியைப் பாய்ச்சினார். பார்ப்பவருக்கு அங்கே ஒளியாலான கனசதுரம் ஒன்று அந்தரத்தில் நிற்பதாகத் தோன்றியது. அருகிற் சென்றால் அங்கே ஒன்றுமில்லை, வெறுஞ்சுவரே. 1980இல் நியூ யோர்க் விட்னி நூதனசாலையில் இவருடைய காட்சி நடைபெற்றபோது, ஒளியினால் தோன்றிய சுவரை மெய்ச்சுவரென்று நம்பிச் சாய்ந்து விழுந்தவர்களும் உண்டு. அதன் காரணமாக வழக்கு மன்றம் வரை விடயம் சென்றது. காட்சி எத்துணை வலியது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

எனினும் அறைக்குள் அடைத்த ஒளி அவருக்குப் போதவில்லை. 1974இல் மெண்டோட்டா விடுதியை விட்டு நீங்க நேர்ந்தது. அவ்வாண்டு குகன்ஹைம் நிதியத்தின் உதவித்தொகை கிடைத்தது. அதனை எரிபொருளுக்குச் செலவிட்டுச் சிறு விமானமொன்றில் ஏறி, ஏறக்குறைய ஏழு மாதங்கள் அமெரிக்காவின் மேலைப் பகுதியெங்கும் பறந்து திரிந்தார். அவர் தேடியது ஒரு மலை. அது சமவெளியிலே தனித்து நிற்க வேண்டும். உச்சியிலே கிண்ணம்போற் குழிந்திருக்க வேண்டும். நகரங்களின் விளக்கொளிக்கு எட்டாதிருக்க வேண்டும்.

அரிசோனா மாநிலத்தின் வடபாலுள்ள வண்ணப் பாலைவனத்தை அடுத்து, பிளாக்ஸ்டாப் நகருக்கு வடகிழக்கே அத்தகைய மலையொன்றை அவர் கண்டார். றோடன் குன்று என்பது அதன் பெயர். ஏறத்தாழ நான்கு இலட்சம் ஆண்டுகளுக்கு முன் தோன்றி, இப்பொழுது அவிந்து கிடக்கும் எரிமலை அது. உயரம் ஏறக்குறைய அறுநூறு அடி. 1977இல் அந்நிலம் அவர் வசமாயிற்று. சூழவுள்ள மேய்ச்சல் நிலங்களையும் காலப்போக்கிற் சேர்த்துக்கொண்டு அவர் மாட்டுப் பண்ணை நடத்தினார். அயலிலே வீடுகளும் விளக்குகளும் பெருகினால் இரவு கெட்டுவிடுமல்லவா? இருளைக் காக்க வேண்டுமென்ற எண்ணம் அப்பகுதிக்குப் புதியதுமன்று. புளூட்டோ 1930இல் கண்டறியப்பட்ட வானாய்வு நிலையம் பிளாக்ஸ்டாப்பிலேயே இருக்கின்றது. இருண்ட வானத்தைப் பேணும் நகரமென்று உலகில் முதன்முதல் 2001இல் அறிவிக்கப்பட்டதும் அந்நகரமே.

இனி, மலையினுள்ளே செல்வோம். முதலிற் குன்றின் வாய் சீராக அமையும்படி பத்து இலட்சம் கன யாருக்கு மேற்பட்ட மண் அகற்றப்பட்டது. அதன்பின் அறைகளும் சுரங்கவழிகளும் அமைக்கப்பட்டன. அவற்றுள் ஒன்று 854 அடி நீளமானது. அதன் அடியில் நின்று மேலே நோக்கினால், மறுகோடியில் முழுமதி போன்ற வட்டமொன்று ஒளிரும். நடந்து நெருங்க நெருங்க அந்த வட்டம் உருமாறும். முடிவிலே அது கூரையில் வெட்டப்பட்ட நீள்வட்டத் துவாரம் என்பதும், அதனூடே தெரிவது வானம் என்பதும் புலப்படும். நிலாவின் பாதை 18.6 ஆண்டுகளுக்கு ஒருமுறை எட்டும் தென்கோடியையும் இச்சுரங்கம் கணக்கிற் கொண்டுள்ளது. அக்காலத்திலே மறையும் நிலாவின் பிம்பம் உள்ளேயுள்ள கல்லின்மீது விழும்படி அது திசையமைக்கப்பட்டுள்ளது.

குன்றின் வாயில் மல்லாந்து படுத்து நோக்குவோருக்கு, வானம் எல்லையற்ற வெளியாகத் தோன்றாது, விளிம்பிலே தாங்கி நிற்கும் குவிந்த கூரையாகத் தோன்றும். தாழப் பறந்த விமானிக்கு நிலம் கிண்ணமானது போலவே, இங்கே படுத்திருப்பவருக்கு வானம் கவிகையாகின்றது. ஆகாயத்திலே தாம் கற்ற பாடத்தை, நிலத்தில் நிற்பவருக்கும் எட்டச் செய்வதற்காகவே இவர் ஒரு மலையைக் குடைந்தார் எனலாம்.

இம்முயற்சி தொடங்கி ஐம்பது ஆண்டுகள் ஆகிவிட்டன. டரெல் 2023இலே எண்பது வயதை எட்டினார். திட்டமிட்ட இருபதளவு காட்சியிடங்களிற் பல இன்னும் முற்றுப்பெறவில்லை. பொதுமக்கள் வேண்டியபோது சென்று பார்க்கவும் வழியில்லை. இத்துணைப் பொருளையும் காலத்தையும் ஒரு சிலர் மாத்திரம் காணும் காட்சிக்குச் செலவிடலாமா என்று கேட்போர் உண்டு. அக்கேள்வி நியாயமானதே. ஆயினும், அந்தக் குன்றிலே முதிர்ந்த எண்ணம் குன்றோடு நின்றுவிடவில்லை. கூரையில் துவாரமிட்டு வானத்தைக் காட்டும் அவருடைய சிறு மண்டபங்கள் எண்பதுக்கு மேற்பட்டவை பல நாடுகளிலே எழுந்துள்ளன. ஜப்பானின் நவோஷிமாத் தீவில் ஒன்றுண்டு. டெக்சாஸின் ஹியூஸ்டன் நகரிலே குவேக்கர் வழிபாட்டு மனையொன்றின் கூரையே அவ்வாறு திறந்துகொள்கிறது. அவ்வூர் றைஸ் பல்கலைக்கழகத்திலே 2012இல் எழுந்த மண்டபத்தில் யாரும் அமர்ந்து அந்தி வானத்தைக் காணலாம். நம் நாற்சார் வீட்டு முற்றத்திலே கிடந்து வானம் பார்த்தவர்களுக்கு இந்த அமைப்பு முற்றிலும் அந்நியமானதன்று.

அம்மண்டபங்களின் நுட்பம் யாது? அந்திப் பொழுதிலே உட்சுவரின்மீது வண்ண ஒளி படரவிடப்படுகின்றது. உள்ளொளி மாற மாற, துவாரத்தில் தெரியும் வானத்தின் நிறமும் மாறித் தோன்றும். உண்மையில் வானம் அந்தக் கணத்தில் மாறவில்லை. நம் பார்வையே மாறுகின்றது.

நேயர்களே, இதனைச் சோதிக்க அரிசோனாவுக்குச் செல்ல வேண்டியதில்லை. நாளை மாலை, கதிரவன் மறைந்து சிறிது நேரஞ் சென்றபின், அறையில் மஞ்சள் விளக்கொன்றை ஏற்றிவைத்துச் சாளரத்தின் வழியே வானத்தை நோக்குங்கள். அது ஆழ்ந்த நீலமாகத் தோன்றும். பின்னர் விளக்கை அணைத்துவிட்டு முற்றத்துக்கு வந்து சிறிது நேரம் நில்லுங்கள். அதே வானம் வெளிறிய சாம்பல் நிறமாக, இன்னும் ஒளி மிகுந்து காணப்படும். இவற்றுள் எது வானத்தின் மெய்ந்நிறம் என்று உங்களையே கேட்டுப் பாருங்கள். அந்தக் கேள்விக்காகவே ஒரு மனிதர் தம் வாழ்நாளிற் பாதியை ஒரு மலைக்குக் கொடுத்திருக்கிறார்.